மாற்றுத்திறனாளிக்குத் தனி உதவியாளராக வேலை பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கழுத்தில் தண்டுவடக் காயம் பட்டவள். தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல்கள் வேலை செய்யாது. கட்டிலை விட்டு இறங்குவதில் தொடங்கி இரவு போர்வை இழுத்துவிடுவது வரை உதவியாளர்கள் இருந்தால்தான் என் நாள் ஓடும். இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் நேர்முகத்தில் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அப்போது கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு மாதம் கழித்து மெதுவாகக் கேட்பவையும் உண்டு.

இது நர்ஸ் வேலையா, வீட்டு வேலையா, துணைக்கு இருப்பதா?

மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். என் உடம்பால் முடியாததை, நான் சொல்கிற நேரத்தில், நான் சொல்கிற விதத்தில் செய்து கொடுப்பதுதான் வேலை. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, வண்டி ஓட்டுவது, அலுவலகத்தில் கோப்பை எடுத்துப் பிரித்து வைப்பது, பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குக் கூட வருவது என்று எதுவும் இருக்கலாம். நான் சமைக்க நினைத்தால் நான் சொல்லச் சொல்ல நீங்கள் நறுக்குவீர்கள். உப்பு கூடிப்போனால் அது என் பாடு.

நர்ஸுக்கு மேலே மருத்துவர் இருக்கிறார். உங்களுக்கு மேலே நான் இருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கை 2006இல் வந்தது. அதன் 19ஆவது பிரிவு, மற்றவர்களைப் போலச் சமூகத்துக்குள் வாழ்வதற்குத் தேவையான சேவைகளில் ஒன்றாகத் தனி உதவியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2017இல் அந்தப் பிரிவுக்கு வந்த விளக்கக் குறிப்பு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும், பழக்குவதும், மேற்பார்ப்பதும் உதவி பெறுபவரின் கையில் இருக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் பாதி விஷயம் இந்த ஒரு வரியில்தான் போய் முடியும்.

இப்படி ஒரு வேலை எப்படி உருவானது?

உதவி எப்போதும் இருந்தது. வீட்டார் செய்தார்கள், இல்லாவிட்டால் விடுதிகளில் அடைத்துவைத்துச் செய்தார்கள். உதவி பெறுபவரே முதலாளி என்ற ஏற்பாடு வேரூன்றியதில் எட் ராபர்ட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 14 வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மூச்சுக்கு இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரம் தேவைப்பட்டது. 1962இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, மாணவர் விடுதியில் அந்த இயந்திரத்தோடு தங்க வழியில்லாமல் வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அவரும் அவரைப் போன்றவர்களும் தங்கள் உதவியாளர்களைத் தாங்களே வேலைக்கு வைத்துத் தாங்களே பழக்கினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1972இல் மாற்றுத்திறனாளிகளே நடத்திய சுதந்திர வாழ்வு மையம் பிறந்தது. ஸ்வீடனில் மாற்றுத்திறனாளியான அடால்ஃப் ராட்ஸ்கா இதே எண்ணத்தோடு ஸ்டாக்ஹோமில் ஒரு கூட்டுறவைத் தொடங்கினார். 1994இல் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டம், அதிக உதவி தேவைப்படுபவர்களுக்குத் தனி உதவியாளரை அரசுச் செலவில் பெறும் உரிமையைக் கொடுத்தது.

படிப்பு, சான்றிதழ் ஏதாவது வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். முதலுதவி தெரிந்திருந்தால் நல்லது. நீண்ட அனுபவத்தோடு வருபவர்களிடம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, வெளிப்படையாகவே சொல்கிறேன். "எனக்கு எல்லாம் தெரியும்" என்று வருபவர் போன வீட்டு ஆளின் உடம்பை என் உடம்பில் தேடுவார். ஒரே காயம் பட்ட இரண்டு பேருக்குக்கூட உதவி ஒரே மாதிரி இருக்காது. காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த, நேரத்துக்கு வருகிற, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள் கிடைத்தால் மற்றதை நான் பழக்கிக்கொள்வேன்.

நேரத்துக்கு வருவதை அழுத்திச் சொல்கிறேன். அலுவலகத்துக்கு நீங்கள் அரைமணி தாமதமாகப் போனால் ஒரு வேலை தள்ளிப்போகும். என்னிடம் அரைமணி தாமதமாக வந்தால் நான் அந்த அரைமணியும் படுத்த இடத்தில், அசைய முடியாமல், சிறுநீர்ப் பை நிறைந்துகொண்டிருக்கக் காத்திருப்பேன். வர முடியாது என்றால் முந்தின இரவே ஒரு செய்தி போட்டுவிடுங்கள். மாற்று ஆளைப் பிடித்துக்கொள்வேன்.

எப்படிக் கூப்பிடுவது?

கேட்டுவிடுங்கள். அக்கா, மேடம், பெயர், எதுவானாலும் அவர் சொல்வதுதான். என் உதவியாளர்களில் சின்னவர்கள் அக்கா என்பார்கள், என்னைவிட மூத்தவர்களை நான் அக்கா என்பேன், இரண்டு பக்கமும் 'நீங்க'தான். வளர்ந்த ஆளைப் 'பாப்பா', 'செல்லம்' என்று கூப்பிடுவதும், முதல் நாளே 'நீ' போடுவதும் வேண்டாம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததும் பலருக்கு நம் வயது பாதியாகத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் அந்த உச்சுக்கொட்டல். பரிதாபப்படுகிறவர் கை நடுங்கும், அவரை நம்பி உடம்பைக் கொடுக்க முடியாது.

தூக்கி உட்கார வைக்க என்னால் முடியுமா? எனக்கு இடுப்பு வலி வந்துவிடாதா?

தூக்குவதாக நினைத்துச் செய்தால் வந்துவிடும். நகர்த்துவதாக நினையுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான் மாறும் விதத்தைச் சொல்கிறேன், எதெல்லாம் கவனிக்க வேண்டியிருக்கிறது என்று புரியும்.

நாற்காலியைக் கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக ஒட்டி நிறுத்த வேண்டும். இரண்டு பிரேக்கும் போட வேண்டும், போட்டபின் கையால் ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டும். கட்டில் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றி, கால் வைக்கும் தட்டை ஒதுக்கிவிட வேண்டும். என்னை மெதுவாக எழுப்பி உட்கார வைத்ததும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கண் இருட்டும், நான் சரி என்று சொன்னபின் அடுத்தது. சறுக்குப் பலகையின் ஒரு முனை என் தொடைக்கு அடியில், மறு முனை நாற்காலி இருக்கையின் மேல். பிடிப்பது இடுப்பைச் சுற்றிக் கட்டிய பெல்ட்டை. அக்குளில் கைவிட்டு இழுக்கவே கூடாது, தோள்மூட்டு பிசகும், இருக்கிற ஒரே நல்ல மூட்டு அதுதான். உங்கள் முழங்கால் மடங்கட்டும், முதுகு மடங்க வேண்டாம். இடுப்பைத் திருகாமல் பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவது நான். நகரப்போவது என் உடம்பு என்பதால் அந்த மூன்று என் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

உட்கார்ந்தபின் வேலை முடியவில்லை. இடுப்பு நாற்காலியின் முதுகோடு ஒட்டியிருக்கிறதா, துணி அடியில் மடிந்திருக்கிறதா, சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாக்ஸில் ஒரு சின்ன மடிப்பு இருந்தால் உங்களுக்கு உறுத்தும், எடுத்துவிடுவீர்கள். எனக்கு உறுத்தாது. மாலையில் அங்கே ஒரு புண் இருக்கும்.

நடுவில் நான் சரிய ஆரம்பித்தால் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள், இரண்டு பேரும் விழுவோம். உங்கள் உடம்போடு அணைத்து மெதுவாகத் தரையில் இறக்கிவிடுங்கள். எடை அதிகம் உள்ளவருக்கு, அல்லது உங்களுக்கே முதுகுப் பிரச்சினை இருந்தால், தூக்கும் இயந்திரம் இல்லாமல் இந்த வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

குளிப்பாட்டுவது, கழிவறை வேலை... கூச்சமாக இருக்காதா?

முதல் வாரம் இருக்கும், இரண்டு பேருக்கும்தான். அப்புறம் அது பல் தேய்ப்பது போல ஆகிவிடும். கூச்சத்தை மறைக்கச் சிலர் ஓயாமல் பேசுவார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்வார்கள். முகத்தைத் திருப்பினால் கை தப்பான இடத்தில் படும். பார்த்து, சொல்லிவிட்டு, செய்யுங்கள். "இப்ப இடது பக்கம் திருப்பறேன்" என்று ஒரு வார்த்தை போதும். கழுவாத பகுதியை ஒரு துண்டால் மூடி வையுங்கள், கதவைச் சாத்துங்கள், நடுவில் போனை எடுக்காதீர்கள்.

தண்ணீரின் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் பார்த்தபின்தான் என் மேல் ஊற்ற வேண்டும். உணர்ச்சி இல்லாத காலில் வெந்நீர் பட்டால் கத்த மாட்டேன், வெந்துபோனபின்தான் தெரியும். கையுறை போடுவதை நாங்கள் அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். குழாயில் மாட்டிய சிறுநீர்ப் பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், மேலே தூக்கினால் சிறுநீர் திரும்பிப் போய்க் கிருமித் தொற்று வரும். பெண்களுக்குத் துடைப்பது முன்னிருந்து பின்னாக.

பெண்ணுக்குப் பெண்தான் வேண்டும், ஆணுக்கு ஆண்தான் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அது அவர்கள் முடிவு. அதேபோல எந்த உடல்சார்ந்த வேலையைச் செய்ய மாட்டீர்கள் என்பதை நேர்முகத்திலேயே சொல்ல உங்களுக்கும் இடம் உண்டு.

உடம்பில் எதைக் கண்டால் உடனே சொல்ல வேண்டும்?

முதலில் தோல். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று படுக்கைப் புண் வரும். வால் எலும்பு, உட்காரும் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு ஆகியவற்றைக் காலையும் இரவும் பாருங்கள். படுக்கையில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது பொதுவான வழக்கம், ஆளுக்கேற்ப மாறும். புண்ணுக்கு முந்தைய அடையாளம் சிவப்பு என்று எழுதியிருப்பார்கள். கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ ஊதா நிறமாகவோ மாறியிருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அழுத்தத்தை எடுத்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, என்னைப் போல மார்பின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயம் பட்டவர்களுக்கு வரும் 'ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா' என்ற ஆபத்தான நிலை. தலை வெடிப்பது போல வலி, முகம் சிவந்து வியர்ப்பது, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுவது. எங்களுக்குச் சாதாரணமாகவே மேல் அழுத்தம் 90 முதல் 110 வரைதான் இருக்கும், அதனால் 140 என்பது பார்க்கிறவருக்குச் சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் எங்களுக்கு ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள், படுக்க வைக்கக் கூடாது. இறுக்கமான துணி, பெல்ட், ஷூவைத் தளர்த்துங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கும் அல்லது அடைத்திருக்கும், இல்லையென்றால் மலச்சிக்கல். குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸ். வருகிற மருத்துவப் பணியாளருக்கே இது தெரியாமல் இருக்கலாம், அதனால் நான் ஒரு அட்டையில் எழுதி நாற்காலிப் பையில் வைத்திருக்கிறேன். அட்டை எங்கே இருக்கிறது என்பது முதல் நாள் பாடம்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு ஊட்டுவதானால் நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, அவர் கண் மட்டத்தில் நீங்களும் உட்கார்ந்து, முந்தைய வாய் இறங்கியபின்தான் அடுத்தது. நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலை நிமிரும், புரையேறும்.

அவர் பேசுவது எனக்குப் புரியவில்லை என்றால்?

புரிந்ததாகத் தலையாட்டாதீர்கள். மூளை முடக்குவாதம் உள்ள ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல உடம்பு முழுக்கப் பாடுபடுகிறார். அதற்கு "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அது எவ்வளவு பெரிய அவமதிப்பு! புரிந்த வரைக்கும் திருப்பிச் சொல்லுங்கள், மிச்சத்தை அவர் மறுபடி சொல்வார். எழுத்துப் பலகை வைத்துப் பேசுபவரின் சொல்லை நீங்களே முடித்துவைப்பது அவர் விரும்பினால் மட்டும்.

வெளியே போகும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

மருத்துவமனையில் இது தவறாமல் நடக்கும். மருத்துவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உங்களைக் கேட்பார்: "இவங்களுக்கு எத்தனை நாளா காய்ச்சல்?" உங்களுக்கு விடை தெரியும், வாய்வரை வரும். சொல்லாதீர்கள். என்னைத் திரும்பிப் பாருங்கள், அது போதும். மருத்துவரின் கண்ணும் உங்கள் கண்ணைத் தொடர்ந்து என்னிடம் வந்துவிடும். கடையில் மிச்சச் சில்லறையை உங்கள் கையில் கொடுத்தாலும், ஓட்டலில் "அவங்க என்ன சாப்பிடறாங்க?" என்று கேட்டாலும் இதே வழிதான்.

நாற்காலியைச் சொல்லாமல் தள்ளக் கூடாது. கைப்பிடியில் உங்கள் பையை மாட்டக் கூடாது. நான் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் இரண்டடி தள்ளி நில்லுங்கள், பேச்சில் கலந்துகொள்ள வேண்டாம். இது பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது, வாயை அடக்குவது எடை தூக்குவதைவிடக் கடினம் என்று ஓர் உதவியாளரே சொன்னார்.

பார்வை இல்லாதவர், காது கேளாதவரிடம் வேலை எப்படி இருக்கும்?

பார்வை இல்லாதவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார். படி ஏறுகிறதா இறங்குகிறதா என்று முன்னாலேயே சொல்லுங்கள். கடிதம் வாசிப்பதானால் உள்ளதை அப்படியே வாசிக்க வேண்டும், சுருக்கமும் கருத்தும் கேட்டால் மட்டும். காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பு தனித்தொழில், உதவியாளர் வேலையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அவர் எடுக்கும் முடிவு தப்பு என்று தோன்றினால்?

ஒருமுறை சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர் தன் வழியில் போனால், செய்து கொடுங்கள்.

மழை வரும்போல இருக்கிறது, வெளியே போக வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. நான் போகிறேன் என்கிறேன். கால் ஊன்றி நடக்கிற ஒருத்தி மழையில் நனைந்து சளி பிடித்துக்கொண்டால் யாரும் அவளுக்கு வீட்டை விட்டு வெளியேறத் தடை போடுவதில்லை. எனக்கும் நனைகிற உரிமை உண்டு. புகை, மது, நள்ளிரவு வரை விழித்திருப்பது, உங்களுக்குப் பிடிக்காத ஒரு ஆளைக் காதலிப்பது எல்லாம் இதே கணக்கில் வரும். உங்கள் மனசாட்சி இடம் கொடுக்காத வேலை என்றால் அதை மட்டும் செய்ய மாட்டேன் என்று சொல்லலாம். நைசாகத் தள்ளிப்போடுவது, மறந்ததுபோல நடிப்பது, வீட்டாரிடம் போட்டுக்கொடுப்பது மட்டும் கூடாது. என் கையும் காலும் உங்களிடம் இருக்கும்போது நீங்கள் சும்மா தாமதித்தாலே எனக்கு அது பூட்டிய கதவுதான்.

சட்டத்துக்குப் புறம்பானது, அடுத்தவருக்குத் தீங்கானது என்றால் மறுத்துவிடுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். மற்ற நேரங்களில் முடிவு அவருடையது. அறிவுசார் குறைபாடு உள்ளவரிடமும் தொடக்கப்புள்ளி இதுவேதான்: எளிய சொல்லில் விளக்குவது, படம் காட்டுவது, இரண்டு சட்டையையும் எடுத்துக் கண்முன் வைப்பது, யோசிக்க நேரம் கொடுப்பது. முடிவெடுக்க உதவுவதும் அவருக்காக முடிவெடுப்பதும் வேறு வேறு வேலைகள்.

அம்மா ஒன்று சொல்கிறார், அவர் வேறொன்று சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

வளர்ந்த ஆள் என்றால் அவர் பேச்சை. சம்பளம் தருவது அம்மாவாக இருந்தாலும்தான். எழுதுவது சுலபம், நடு ஹாலில் நிற்கும்போது சுலபமில்லை என்று தெரியும். "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யறேன்மா" என்று அந்த இடத்தைக் கடந்துவிட்டு, பிறகு தனியாக என்னிடம் சொல்லுங்கள். அம்மாவோடு சண்டை போடுவது என் வேலை, உங்களுக்கு அதற்குச் சம்பளம் கிடையாது. அதேபோல வீட்டில் உள்ள மற்றவர்களின் துணியைத் துவைப்பதும் உங்கள் வேலையில் வராது. "இருக்கிறபோது இதையும்" என்று யாராவது தொடங்கினால் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

சம்பளம், நேரம், விடுப்பு?

எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தெரிந்தவர் வீடாக இருந்தாலும். வேலை நேரம், வார விடுப்பு, மிகை நேரத்துக்கு என்ன கணக்கு, பயணச் செலவு யாருடையது, அவர் மருத்துவமனையில் சேர்ந்தால் உங்கள் சம்பளம் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான். இரவுப் பணியில் இரண்டு வகை உண்டு: தூங்கிக்கொண்டு கூப்பிட்டால் எழுவது, விழித்தே இருப்பது. எது என்று முன்பே பேசாமல் ஒத்துக்கொண்டால் பிறகு மனஸ்தாபம்தான்.

அவருடைய பணமும் போனும் என் கையில் புழங்கும். என்ன கவனம் வேண்டும்?

ரசீது வாங்குங்கள், மிச்சத்தை அன்றே கணக்குக் காட்டுங்கள். ரகசிய எண்ணை அவரே அழுத்த வழியிருந்தால் நீங்கள் தெரிந்துகொள்ளாமலே இருப்பது உங்களுக்கும் நல்லது. கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். அவர் வீட்டில் பார்த்தது, கேட்டது, மாத்திரைப் பெயர், யார் வந்தார்கள் போனார்கள், எதுவும் வெளியே போகக் கூடாது. அவரோடு எடுத்த படத்தை "சேவை செய்கிறேன்" என்று ஸ்டேட்டஸில் போடுவதைப் பற்றிப் பேசவே எனக்குக் கோபம் வருகிறது, விட்டுவிடுகிறேன்.

அவர் என்னிடம் மோசமாக நடந்துகொண்டால்?

உடம்பு முடியாதவர் என்பதற்காகத் திட்டு, கைநீட்டல், தவறான தொடுகை எதையும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. நேராகச் சொல்லுங்கள், எழுதி வையுங்கள், நிறுவனம் மூலம் வந்திருந்தால் அங்கே தெரிவியுங்கள், நிற்கவில்லை என்றால் விலகுங்கள். வலியில் எரிந்து விழுவது வேறு, அது எனக்கும் உண்டு. மறுநாள் அவர் மன்னிப்புக் கேட்கிறாரா என்று பாருங்கள். மறுபக்கமும் இருக்கிறது: வீட்டில் யாராவது அவரை அடிப்பதையோ, பணத்தைப் பறிப்பதையோ நீங்கள் பார்த்தால், நீங்கள்தான் பெரும்பாலும் ஒரே சாட்சி. தனியாக அவரிடம் பேசி, என்ன செய்ய வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.

வேலையை விட்டுப் போக நினைத்தால்?

போகலாம், துரோகமில்லை. இந்த வேலையில் பலர் ஆண்டுக்கணக்காக இருப்பதில்லை, எங்களுக்கும் அது தெரியும். ஒப்பந்தத்தில் உள்ள அளவுக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள், புதிய ஆள் வந்தபின் சில நாள் அவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். அந்த நாட்களில் அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நான் சொல்வேன், நீங்கள் செய்து காட்டுங்கள். வீட்டுச் சாவியைக் கடைசி நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாக்கிச் சம்பளத்தையும் பரிந்துரைக் கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.